நாய்க்குக் கடை உணவு வாங்குகிறீர்களா? பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் உணவுப் பையின் முன்பக்கத்தை எழுதுவது விற்பனைப் பிரிவு. துள்ளிக் குதிக்கும் நாய், பளபளக்கும் இறைச்சித் துண்டு, 'இயற்கை', 'பிரீமியம்' என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். நாயின் உடம்புக்குள் என்ன போகப்போகிறது என்பது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம், விலை குறைவு என்று நாயின் உடம்பைக் கெடுக்கவும் வேண்டாம். நாய் வளர்ப்பவர்கள் கடையிலும் கால்நடை மருத்துவமனை வரிசையிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்த நிறுவனத்தையும் சிபாரிசு செய்யவில்லை.

தயிர்சாதமும் பாலும் சாப்பிட்டே எங்கள் வீட்டு நாய்கள் வளர்ந்தன. கடை உணவு அவசியம்தானா?

அவசியம் இல்லை. வீட்டிலேயே நல்ல உணவு சமைத்துப் போட முடியும். ஆனால் அதற்குக் கணக்கு வேண்டும். சோறும் எலும்பில்லாத கோழியும் மட்டுமே தின்னும் நாய்க்கு வயிறு நிறையும், கால்சியம் கிடைக்காது. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வளரும் குட்டியாக இருந்தால் கால் வளைவதும் நொண்டுவதும் எலும்பு முறிவதும் இப்படித்தான் தொடங்குகின்றன. தயிர்சாதத்தில் புரதமும் குறைவு, துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவையும் குறைவு.

முன்பு வீட்டு வாசலில் வளர்ந்த நாய்கள் சோற்றை மட்டும் நம்பியிருக்கவில்லை. எலி, கறிக்கடைக் கழிவு, எலும்பு, முட்டை ஓடு என்று தெருவில் தேடித் தின்றன. அவற்றில் எத்தனை முழு ஆயுள் வாழ்ந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நான்கு சுவருக்குள் வளரும் நாய்க்கு நாம் வைப்பது மட்டுமே உணவு. கால்நடை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கி, அதன்படி தவறாமல் சமைக்க முடிந்தால் செய்யுங்கள். முடியாதவர்களுக்கு நல்ல கடை உணவே பாதுகாப்பானது.

பையைக் கையில் எடுத்ததும் எதைத் தேட வேண்டும்?

ஒரு வாக்கியத்தை. 'முழுமையான, சமச்சீரான உணவு' என்றும், அது எந்த வயது நாய்க்கு என்றும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கூடவே எந்தத் தரநிலையின்படி என்ற குறிப்பும் இருக்கும். அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO), ஐரோப்பாவின் ஃபெடியாஃப் (FEDIAF) என்ற இரண்டு அமைப்புகள்தான் பைகளில் அதிகம் காணப்படும் பெயர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் நாய், பூனை உணவுக்கென ஐ.எஸ். 11968 என்ற தரநிலையை வைத்திருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆஃப்கோ எந்த உணவையும் சோதிப்பதில்லை, அங்கீகரிப்பதும் இல்லை. எந்தச் சத்து குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளவு வகுத்துத் தருகிறது, அவ்வளவுதான். 'ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால் அந்த நிறுவனத்தின் மற்ற வாக்குறுதிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

அந்த வாக்கியத்தில் இரண்டு வகை உண்டு. அளவுகளைப் பூர்த்தி செய்யும்படி தயாரிக்கப்பட்டது என்பது ஒன்று. நாய்களுக்கு உணவளித்துச் சோதித்தது என்பது மற்றொன்று. ஆஃப்கோ முறையில் வளர்ந்த நாய்களுக்கான சோதனை என்றால் குறைந்தது 8 நாய்களுக்கு 26 வாரம் அந்த உணவை மட்டுமே கொடுத்து, எடையையும் ரத்தத்தையும் பார்க்கிறார்கள். சிறிய சோதனைதான், ஆனாலும் நாய்கள் அதைத் தின்று தேறின என்பதற்குச் சான்று.

'துணை உணவு', 'இடையிடையே மட்டும்' என்று எழுதியிருந்தால் அதை முழு உணவாக வைக்கக்கூடாது. கிரேவி பாக்கெட்டுகளிலும் நொறுக்குத் தீனிகளிலும் இந்த வரியைக் கவனியுங்கள்.

குட்டி உணவு, வளர்ந்த நாய் உணவு, எல்லா வயதுக்குமான உணவு: வேறுபாடு பெயரில் மட்டும்தானா?

இல்லை. ஆஃப்கோ அளவுப்படி, ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும் போதும். வளரும் குட்டிக்கும், சினையாக இருக்கும் அல்லது பால் கொடுக்கும் தாய்க்கும் 22.5 சதவீதப் புரதமும் 8.5 சதவீதக் கொழுப்பும் வேண்டும். 'எல்லா வயதுக்கும்' என்று போட்ட உணவு இந்தக் குட்டி அளவைத்தான் பின்பற்றுகிறது. நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும் ஏழு வயது லாப்ரடாருக்கு அது தேவைக்கு மேல்.

குட்டியின் எலும்பு உறுதிக்குக் கால்சியம் டானிக் சேர்த்துக் கொடுக்கிறேன். சரிதானே?

நல்ல குட்டி உணவு கொடுத்துக்கொண்டே டானிக்கும் ஊற்றுகிறீர்கள் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். நம் ஊரில் நாய்க்குட்டி விற்பவரே கையோடு ஒரு கால்சியம் பாட்டிலையும் கொடுத்தனுப்புகிறார். அக்கறையோடுதான் கொடுக்கிறார்கள், அக்கறையோடுதான் நீங்களும் ஊற்றுகிறீர்கள். ஆனால் சிறு குட்டியின் குடலுக்குத் தேவைக்கு அதிகமான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் இன்னும் வந்திருக்காது. வந்ததெல்லாம் உள்ளே போகும். கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், அதிகக் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே தாறுமாறாக்குவது தெளிவாகத் தெரிந்தது. கால் பலமாக வேண்டும் என்று கொடுத்தது காலையே கோணலாக்குகிறது.

ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர், லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் இது இன்னும் முக்கியம். வளர்ந்தபின் சுமார் 32 கிலோவோ அதற்கு மேலோ வரக்கூடிய நாய்களின் குட்டிகளுக்கு, உணவில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஆஃப்கோ வரம்பு வைத்திருக்கிறது. மற்றவற்றுக்கு 2.5 சதவீதம் வரை போகலாம். ஆகவே, பெரிய இனக் குட்டிக்கு வாங்கும்போது 'பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கும் ஏற்றது' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். குட்டியைக் கொழுக்க வைத்து வேகமாக வளர்ப்பதும் வேண்டாம். மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது.

மூலப்பொருள் பட்டியலில் முதலில் 'கோழி' என்று இருந்தால் நல்ல உணவு என்கிறார்களே?

அது பாதி உண்மை. பட்டியல் எடை வரிசையில் எழுதப்படுகிறது. எடை, சமைப்பதற்கு முன் இருந்த எடை. பச்சைக் கோழி இறைச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீரின் கனத்தால் கோழி முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. உலர் உணவாக மாறும்போது தண்ணீர் போய்விடும், கோழியின் உண்மையான பங்கு பட்டியலில் நான்கைந்து இடம் கீழே இறங்கிவிடலாம். மாறாக, 'கோழி இறைச்சித் தூள்' என்று எழுதியிருந்தால் அது ஏற்கெனவே நீரும் கொழுப்பும் எடுக்கப்பட்ட பொருள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பச்சை இறைச்சியைவிடப் புரதம் பல மடங்கு அதிகம். கேட்க அழகில்லாத பெயர் என்பதால் அதை ஒதுக்க வேண்டாம்.

இன்னொரு உத்தியையும் கவனியுங்கள். மக்காச்சோளம், மக்காச்சோள மாவு, மக்காச்சோளப் புரதம் என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டிப் பார்த்தால் அதுதான் முதலிடம். பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம் என்றாலும் இதே கதைதான்.

'துணைப்பொருள்கள்' என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் நிறைய. ஈரல், சிறுநீரகம், நுரையீரல், மண்ணீரல் இவைதான் பெரும்பாலும் அந்தப் பெயரில் வருகின்றன. ரத்தக்குறைவுக்கு நல்லது என்று ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கும் வீடுகள் நமக்குத் தெரிந்தவைதானே? நாய்க்கு மட்டும் அவை எப்படிக் கழிவாகும்? பார்க்க வேண்டியது வேறு. 'கோழித் துணைப்பொருள்' என்று எந்த விலங்கு என்று சொல்லியிருந்தால் நல்லது. வெறுமனே 'இறைச்சியும் துணைப்பொருள்களும்' என்று இருந்தால், இந்த மாதம் ஒன்றும் அடுத்த மாதம் இன்னொன்றும் வர வாய்ப்பிருக்கிறது. வயிறு மென்மையான நாய்க்கு இது ஒத்துவராது.

புரத சதவீதம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதற்கு இவ்வளவு மரியாதை கொடுக்க மாட்டீர்கள். ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். அதனால்தான் 'கச்சாப் புரதம்' என்று எழுதுகிறார்கள். அந்த நைட்ரஜன் இறைச்சியிலிருந்து வந்ததா, செரிக்காத தோல், முடி போன்றவற்றிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது.

இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் 2007இல் பெருங்கொடுமை நடந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக மெலமின் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. மெலமினில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் புரதம் அதிகம் என்று தேறியது. அதே கலப்படத்தில் இருந்த சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக உறைந்து, வட அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. கனடாவின் மெனு ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனம் பல வணிகப் பெயர்களுக்கு உணவு தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால், விலை மலிந்ததும் விலை உயர்ந்ததும் ஒன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. பையின் மேல் உள்ள பெயரைவிட, அதைத் தயாரித்தது யார் என்ற வரி முக்கியம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஈர உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போது இன்னொரு கணக்கும் தேவை. டப்பாவில் 8 சதவீதப் புரதம், பையில் 22 சதவீதம் என்று இருந்தால் பை உயர்ந்தது என்று தோன்றும். டப்பாவில் 80 சதவீதம் தண்ணீர்; மீதி 20 பங்கில் 8 பங்கு புரதம், அதாவது 40 சதவீதம். பையில் 10 சதவீதம் தண்ணீர். 90 பங்கில் 22, அதாவது சுமார் 24 சதவீதம். நீரை நீக்காமல் ஒப்பிடாதீர்கள்.

நாய் ஓநாயின் வழிவந்தது, தானியம் செரிக்காது, ஆகவே தானியமில்லா உணவுதான் நல்லது என்கிறார்கள்.

வழிவந்தது உண்மை, செரிக்காது என்பது தவறு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகளாகப் பெருகியிருப்பதை 2013இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த விலங்கு, மனிதனின் தானியத்தையும் செரிக்கப் பழகிவிட்டது. நன்றாக வெந்த அரிசியும் சோளமும் நாய்க்கு எளிதில் செரிக்கின்றன. தானியமில்லா உணவில் மாவுச்சத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அரிசி இருந்த இடத்தில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு இருக்கும். மாவுச்சத்து இல்லாமல் அந்த உருண்டைகள் உருண்டையாகவே நிற்காது.

2018 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை முக்கியப் பொருளாகக் கொண்ட உணவு தின்ற நாய்களிடம், இதயம் விரிந்து தளரும் நோய் காணப்படுவதாக மருத்துவர்கள் தெரிவித்ததை அது விசாரித்தது. மரபு வழியாக அந்த நோய் அதிகம் வராத இனங்களிலும் வந்தது கவலையை ஏற்படுத்தியது. 2022 டிசம்பரில், இந்த உணவுதான் காரணம் என்று நிறுவப் போதுமான தரவு இல்லை என்று அந்த நிர்வாகம் சொன்னது. வழக்கு முடிந்துவிடவில்லை, நிரூபிக்கப்படவும் இல்லை. என் கருத்து இதுதான்: மருத்துவக் காரணம் ஏதும் இல்லாத நாய்க்குக் கூடுதல் விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தை வாங்க வேண்டிய தேவை இல்லை.

நாய் ஓயாமல் சொறிகிறது. கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்று உணவை மாற்றலாமா?

முதலில் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் பாருங்கள். காதின் உட்புறம், விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் விளக்கு வெளிச்சத்தில் விலக்கிப் பார்க்க வேண்டும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டு முழுக்க அவை இருக்கின்றன. சொறிக்கு முதல் காரணம் பெரும்பாலும் அவைதான். பூஞ்சைத் தொற்று அடுத்தது. உணவு ஒவ்வாமை இருக்கவே இருக்காது என்பதில்லை. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை அதிகம் பதிவாகியுள்ள காரணங்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, இதுவரை தின்னாத ஒரு புரதத்தையோ மருத்துவர் தரும் தனி உணவையோ மட்டுமே எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து சொறி திரும்புகிறதா என்று பார்ப்பது. அந்த எட்டு வாரத்தில் பாட்டி ரகசியமாகப் போடும் ஒரு பிஸ்கட் போதும், சோதனை வீணாகிவிடும். மாதம் ஒரு பிராண்டு மாற்றுவதால் எதுவும் தெரியவராது.

நிறம் சேர்த்த உணவு கெடுதலா? பதப்படுத்திகள்?

சிவப்பும் பச்சையும் கலந்த உருண்டைகள் உங்களுக்காகச் செய்யப்பட்டவை. நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் பிரித்துத் தெரியும். அது மூக்கை நம்பித் தின்கிறது. நிறமில்லாத உணவை வாங்குவதில் எந்த நஷ்டமும் இல்லை.

பதப்படுத்தியே இல்லாத உலர் உணவு ஆபத்தானது, ஏனென்றால் அதன் கொழுப்பு சீக்கிரம் கெடும். கலந்த டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த பதப்படுத்தி இருந்தால் நல்லது. எத்தாக்ஸிகுயின் என்ற செயற்கைப் பதப்படுத்திக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அனுமதியை நிறுத்தியது. பட்டியலில் அது இருந்தால் நான் அந்தப் பையை வைத்துவிட்டு வேறு எடுப்பேன்.

எங்கள் வீடு சைவம். நாய்க்குச் சைவ உணவு போதுமா?

வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு முடியும். அமினோ அமிலங்கள் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்ட, முழுமையான உணவு என்று எழுதப்பட்ட சைவ உணவாக இருக்க வேண்டும். குட்டிக்கும் சினை நாய்க்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுச் சாம்பார் சாதம் சைவ நாய் உணவு ஆகாது. அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. பூனையும் வளர்த்தால் அதற்கு இந்த யோசனையே வேண்டாம். பூனைக்கு இறைச்சி கட்டாயம்.

விலை கூடினால் தரமும் கூடுமா? எந்த நிறுவனத்தை நம்புவது?

மிக மலிவான உணவில் செரிமானம் குறைவாக இருக்கும். அதிகம் தின்று அதிகம் கழிக்கும். அந்த அடிமட்டத்தைத் தாண்டிவிட்டால் விலைக்கும் தரத்துக்கும் நேரான தொடர்பு இல்லை. 'பிரீமியம்', 'சூப்பர் பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' ஆகிய சொற்களுக்குச் சட்டப்படி எந்தப் பொருளும் கிடையாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்குத் தீவனம் சேராது என்பதால், கேள்வி கேட்க வேண்டிய பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது.

உலகச் சிறு விலங்குக் கால்நடை மருத்துவச் சங்கம், எதைக் கேட்க வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. அதன் சாரம் இதுதான். இந்த உணவை வகுத்தவர் யார், விலங்கு ஊட்டச்சத்தில் அவருடைய படிப்பு என்ன? சொந்த ஆலையில் தயாராகிறதா, வேறு இடத்திலா? ஒவ்வொரு தொகுப்பிலும் (பேட்ச்) எதைச் சோதிக்கிறீர்கள்? நூறு கிராமில் எத்தனை கிலோ கலோரி? பையில் உள்ள வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லும் நிறுவனமும் உண்டு. மழுப்பி வைத்துவிடும் நிறுவனமும் உண்டு. கலோரி அளவைக் கூடச் சொல்ல முடியாத நிறுவனத்தின் உணவை என் நாய்க்கு வைக்க மாட்டேன். அந்தச் சங்கம் எந்தப் பிராண்டையும் அங்கீகரிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 'எங்கள் உணவு அந்தச் சங்கத்தின் சான்று பெற்றது' என்று யாராவது சொன்னால் அது பொய்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

எந்த உணவு என்ற கேள்விக்கு ஆயிரம் பேர் கவலைப்படுகிறார்கள். எவ்வளவு என்பதற்குப் பத்துப் பேர்கூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய கேள்வி. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து இறக்கும்வரை தொடர்ந்தார்கள். உடன்பிறந்தவற்றை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக அதே உணவைக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. உணவில் எதையும் மாற்றாமல், அளவைக் குறைத்ததால் மட்டுமே ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடக் கிடைத்திருக்கிறது.

கணக்குப் போடுவது எளிது. நாயின் எடையைக் கிலோவில் மூன்று முறை எழுதி, அவற்றை ஒன்றோடொன்று பெருக்குங்கள். கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். வந்ததை 70 ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும்போது தேவைப்படும் கிலோ கலோரி. கருத்தடை செய்த, வளர்ந்த வீட்டு நாய்க்கு அதை 1.6 ஆல் பெருக்க வேண்டும். 15 கிலோ நாய் என்றால் 15 × 15 × 15 = 3375. இரண்டு வர்க்கமூலத்துக்குப் பின் 7.62, எழுபதால் பெருக்க 533, 1.6 ஆல் பெருக்க சுமார் 850.

பையில் கலோரி இல்லையென்றால் அதையும் நீங்களே கணக்கிடலாம். புரதம் 22, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8 என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் என்பது சேர்த்த பொருள் அல்ல, எரித்தால் மிஞ்சும் தாதுக்கள். இவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் 45; அது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமுக்குச் சுமார் 320 கிலோ கலோரி. ஆக, அந்த 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 265 கிராம். டம்ளரில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

இது தொடக்கப்புள்ளி மட்டுமே. பிறகு உங்கள் விரல் சொல்லட்டும். விலாவில் கை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தித் தேடினால்தான் விலா தெரிகிறது என்றால் பத்து சதவீதம் குறையுங்கள். பிஸ்கட், சப்பாத்தித் துண்டு, சீஸ் எல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. இந்த நாய்க்கு அது 85 கிலோ கலோரி; மூன்று நான்கு மாரி பிஸ்கட்டில் முடிந்துவிடும்.

மூட்டை பிரித்துக் கிலோக் கணக்கில் சில்லறையாக விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பாலிதீன் பையில் கட்டித் தரும் அந்த உணவுக்குத் தயாரித்த தேதி இல்லை, தொகுப்பு எண் இல்லை, மூட்டை எப்போது பிரிக்கப்பட்டது என்பதற்கும் சாட்சி இல்லை. உலர் உணவின் உருண்டைகள் மேல் கொழுப்பு தெளிக்கப்பட்டிருக்கும். காற்றுப் பட்டதும் அது சிக்குப் பிடிக்கத் தொடங்கும். கடை ஓரத்தில் வாய் திறந்து நிற்கும் மூட்டையில் எலியும் பல்லியும் கரப்பானும் போய் வரும்.

பூஞ்சை இன்னும் பெரிய ஆபத்து. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்ஸின் நாயின் ஈரலை அழிக்கிறது. ஆலையின் வெப்பத்தில் அது முற்றாக அழிவதில்லை. 2020 இறுதியில் அமெரிக்காவில் ஒரு நாய் உணவில் இது அளவுக்கு மீறி இருந்ததால் உணவு திரும்பப் பெறப்பட்டது; எழுபதுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகச் செய்தி வந்தது. அங்கே மூலப்பொருளிலேயே நச்சு வந்தது. நம் ஊர் மழைக்காலத்தில், ஈரம் புகுந்த மூட்டையிலும் பூஞ்சை பிடிக்கும்.

பெரிய மூட்டை மலிவு என்பதற்காக வாங்குவதிலும் கணக்குப் பாருங்கள். 7 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 150 கிராம். 20 கிலோ மூட்டை முடிய நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். பிரித்த பை ஒரு மாதம், அதிகம் போனால் ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். உணவை டப்பாவில் கொட்டிவிடாமல், பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். தொகுப்பு எண்ணும் தேதியும் கையில் இருக்கும், பழைய கொழுப்பு டப்பாச் சுவரில் ஒட்டிப் புது உணவைக் கெடுக்காது. மொட்டை மாடி அறையும் காரின் பின்பகுதியும் உணவு வைக்கும் இடங்கள் அல்ல. அடுப்புக்கு எதிர்மூலையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

உலர் உணவா, ஈர உணவா?

முழுமையான உணவு என்றால் இரண்டும் சரி. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாய்க்கும் சிறுநீரில் கல் வரும் நாய்க்கும் ஈர உணவு உதவும். கொறிப்பதால் பல் சுத்தமாகும் என்று உலர் உணவை நம்ப வேண்டாம். சாதாரண உருண்டை பல் பட்டதும் உடைந்துவிடும். பல் துலக்கிவிடுவதுதான் வழி.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்: இவற்றுக்குத் தனி உணவு தேவையா?

தேவையில்லை. வயது, எடை, ஓட்டம் இவற்றைப் பார்த்து மற்ற நாய்களைப் போலவே தேர்ந்தெடுங்கள். சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் வேட்டைக்கு ஓடும் உடல்வாகு கொண்டவை. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது அவற்றுக்கு இயல்பு. மெலிந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு உணவைக் கூட்டாதீர்கள். தெருவிலிருந்து வந்த நாய்க்கு முதலில் பூச்சி மருந்து கொடுங்கள். உடம்பு தேறாததற்குப் பாதி நேரம் வயிற்றுப் பூச்சிதான் காரணம்.

சிறுநீரகத்துக்கான, சர்க்கரை நோய்க்கான உணவுகளை நாமே வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. சிறுநீரக உணவில் பாஸ்பரஸும் புரதமும் திட்டமிட்டுக் குறைக்கப்பட்டிருக்கும். நோயில்லாத நாய்க்கும் வளரும் குட்டிக்கும் அது கெடுதல். ரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள். வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புரதத்தைக் குறைப்பதும் தவறு. முதிய நாய்க்குத் தசை கரைகிறது, நல்ல புரதம் முன்பைவிடத் தேவை.

புது உணவுக்கு மாற்றினால் வயிற்றுப்போக்கு வருகிறதே?

ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு மூன்று நாள் சரிபாதி, பிறகு முக்கால் பங்கு என்று பத்து நாளில் மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து மலத்தைப் பாருங்கள். கையால் எடுத்தால் உடையாமல், தரையில் கறை விடாமல் இருந்தால் உணவு செரிக்கிறது. ரோமத்தின் மினுமினுப்பு தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

உணவில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தால்?

உடனே அதை நிறுத்துங்கள். பையைத் தூக்கி எறியாதீர்கள். தொகுப்பு எண்ணும் தயாரித்த தேதியும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ அளவுக்கு உணவை இறுக மூடிய டப்பாவில் போட்டு, தேதி எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வாங்கிய ரசீதையும் எடுத்து வையுங்கள். நாய் தீனி எடுக்க மறுத்து வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் கழித்தாலோ, ஈறும் கண்ணின் வெள்ளைப் பகுதியும் மஞ்சளானாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பையையும் கூட எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கையெழுத்திட்ட அறிக்கையோடு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், கடைக்காரரிடமும் சொல்லுங்கள். அதே தொகுப்பு இன்னொரு வீட்டிலும் இருக்கும்.